கடைசி வருடப் புரொஜெக்டும் நமது கடன் கொப்பியும்

வருடத்தில் ஒரு பருவம் வந்தால் நமது கடைகளுக்கு ஒரு புதுவகை ஆட்கள் வருவார்கள். சாமான் வாங்க வருவதில்லை. கையில் ஒரு பைல், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம், முகத்தில் கொஞ்சம் கூச்சம். "அங்கிள், எங்கட கடைசி வருடப் புரொஜெக்டுக்கு உங்கட கடைக்கு ஒரு சிஸ்டம் செய்து தரலாமா?" என்று கேட்பார்கள்.

நம்மில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒரு பதிலைத்தான் சொல்கிறோம். ஒன்று, "எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம் தம்பி, கொப்பி இருக்குது" என்று திருப்பி அனுப்புகிறோம். மற்றது, இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கப் போகிறது என்ற சந்தோசத்தில், "ஸ்டொக், பில், சம்பளம், செக், கடன், லொறி எல்லாத்தையும் செய்து தாங்க" என்று முழுக் கடையையும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றி விடுகிறோம். முதல் பதிலால் அந்தப் பிள்ளை வெறுங்கையோடு போகிறது. இரண்டாவது பதிலால் அந்தப் பிள்ளை வருட முடிவில் அரைகுறையான ஒன்றோடு நிற்கிறது, நாமும் பாவிக்க முடியாத ஒன்றை வைத்துக் கொண்டு நிற்கிறோம்.

இது மாணவர்களின் விடயம், வியாபாரப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கம்பியூட்டர் படிக்கும் பிள்ளை எதைத் தனது புரொஜெக்டாகத் தெரிவு செய்கிறது என்பது நமது கல்லாப்பெட்டியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம் என்பதே எனது அபிப்பிராயம். அந்தப் பிள்ளைகளில் பலர் நமது பிள்ளைகள், படிப்புச் செலவு நமது கடைகளிலிருந்து போகிறது. அவர்களுக்குத் தேவையான பிரச்சினைகள் நமது கடைகளில் குவிந்து கிடக்கின்றன. இரண்டும் சந்திப்பதில்லை என்பதுதான் கவலை.

புரொஜெக்ட் என்றால் என்ன?

விடயம் தெரியாத வாப்பாமாருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணினி விஞ்ஞானம், தகவல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் கடைசி வருடத்தில், படித்தவற்றை வைத்துத் தானாக ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். முதலில் என்ன செய்யப் போகிறேன் என்ற முன்மொழிவைக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். பிறகு பல மாதங்கள் வேலை. ஒரு விரிவுரையாளர் மேற்பார்வை செய்வார். முடிவில் அறிக்கை எழுதி, பரீட்சகர்களுக்கு முன்னால் செய்து காட்டி, வாய்மொழிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உண்மையான ஒரு நிறுவனத்துக்கு, உண்மையில் இயங்கும் ஒரு மென்பொருளைச் செய்வது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் ஆரம்பித்த பீ.ஐ.டீ. வெளிவாரிப் பட்டத்தின் மூன்றாம் வருடப் புரொஜெக்ட் இப்படிப்பட்டது. வேலை செய்துகொண்டே படிக்கும் நமது பிள்ளைகள் பலர் இந்தப் பட்டத்தைத்தான் படிக்கிறார்கள். மற்ற வகை ஆராய்ச்சி. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் படிப்பவர்களிடம் பெரும்பாலும் இதை எதிர்பார்ப்பார்கள். யாரும் இதுவரை சரியாகத் தீர்க்காத ஒரு சிறு கேள்வியை எடுத்து, அதில் ஒரு படி முன்னால் போக வேண்டும். மொரட்டுவையில் படித்தாலும், மாலபேயில் படித்தாலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறை பீடத்தில் படித்தாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் பட்டம் இல்லை.

முதல் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனால் அதிகம் கேட்கப்படுவதும் இதைப் பற்றித்தான். "என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், யார் பாவிக்கிறார்கள்?" மூன்றாவது கேள்விக்குப் பதில் உள்ள பிள்ளைக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

தெரிவில் நடக்கும் கோளாறுகள்

முதலாவது, பழைய சரக்கு. நூலக முகாமைத்துவம், மாணவர் வரவுப் பதிவு, ஹோட்டல் முன்பதிவு. வருடா வருடம் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. முன்னால் படித்தவர் செய்ததை எடுத்து, நிறத்தை மாற்றி, பெயரை மாற்றிக் கொடுக்கிறார்கள். சந்தையில் பத்துப் பேர் விற்கும் சரக்கை பதினோராவது ஆளாகக் கொண்டு வருபவருக்கு என்ன விலை கிடைக்கும் என்று நமக்குத் தெரியும்.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சிய ஆசை. "மகன் கூகிள் மாதிரி ஒன்று செய்யப் போறான்" என்று பெருமையாகச் சொல்லும் வாப்பாமார் இருக்கிறார்கள். கூகிள் எப்படி ஆரம்பித்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. லெரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1996ஆம் ஆண்டளவில் செய்த ஆராய்ச்சிதான் அதன் தொடக்கம். அவர்கள் எடுத்த கேள்வி குறுகலானது. இணையத்தில் ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எப்படிப்பட்ட பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, அதை வைத்து அந்தப் பக்கத்தின் பெறுமதியைக் கணக்கிடலாமா? அவ்வளவுதான். கம்பெனி 1998இல்தான் வந்தது. பெரியது எல்லாம் சிறிய, தெளிவான கேள்வியிலிருந்துதான் வளர்ந்திருக்கிறது.

மூன்றாவதுதான் மிகவும் பாரதூரமானது. காசு கொடுத்து புரொஜெக்டைச் செய்வித்து வாங்குவது. இதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை கஷ்டப்படுகிறது என்று வாப்பாவே பணம் கொடுப்பதும் நடக்கிறது. வியாபாரிகளுக்கு இதை விளங்கப்படுத்தப் பெரிய பயான் தேவையில்லை. தராசில் கை வைத்து நிறுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பட்டத்தைக் காட்டி வாங்கும் முதல் மாதச் சம்பளம் எந்தக் கணக்கில் சேரும் என்று ஒவ்வொருவரும் யோசித்துக் கொள்ள வேண்டும். மார்க்கத்தை விட்டுப் பார்த்தாலும், வாய்மொழிப் பரீட்சையில் "இந்த இடத்தில் ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் செட் ஜீ.பீ.டீ. வந்த பிறகு, கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தரும் இயந்திரங்கள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. முன்பு மாதக் கணக்கில் எழுதியதை இப்போது சில நாட்களில் எழுதிவிடலாம். அப்படியானால் அரிதான சரக்கு எது? பிரச்சினையைச் சரியாக அறிந்திருப்பதுதான். வெங்காய மூட்டை ஏன் களஞ்சியத்தில் எடை குறைகிறது, ஒரு வாடிக்கையாளர் ஏன் மூன்று பெயரில் கடன் எடுக்கிறார், செக் ரிட்டர்ன் ஆனால் அது எத்தனை பேரைப் பாதிக்கும் என்பதெல்லாம் எந்த இயந்திரத்துக்கும் தானாகத் தெரியாது. அது நமது கவுன்டரில் இருக்கும் அறிவு. அதன் விலை கூடியிருக்கிறது, ஆனால் நாம் இன்னும் அதற்கு விலை போடவில்லை.

நமது கவுன்டரில் கிடக்கும் புரொஜெக்டுகள்

உதாரணங்களைச் சொன்னால்தான் விளங்கும்.

ஒன்று, அளவைகள். புடவை யாரில் வருகிறது, மீற்றரில் விற்கிறோம். நூறு யார் என்பது 91.44 மீற்றர். ஹாட்வெயார் கடையில் கம்பியைத் தொன்னில் வாங்கி, எண்ணிக்கையில் விற்கிறோம். 12 மில்லிமீற்றர் கம்பி மீற்றருக்கு 0.888 கிலோ என்று கணக்கு. 6 மீற்றர் கம்பி ஒன்று 5.33 கிலோ வரும். அப்படியென்றால் ஒரு தொன்னில் ஏறத்தாழ 188 கம்பி. ஆனால் வந்த கட்டை எண்ணிப் பார்த்தால் கூடியோ குறைந்தோ இருக்கும், ஏனென்றால் கம்பியின் தடிப்பு தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சற்று மாறும். சாதாரண பில் மென்பொருள் "வாங்கியது ஒரு தொன், விற்றது 185 கம்பி" என்றால் திணறிப் போகும். இதை ஒழுங்காகத் தீர்த்துத் தரும் ஒரு பிள்ளைக்கு நாடு முழுவதும் ஹாட்வெயார் கடைகள் காத்திருக்கின்றன.

இரண்டு, பெயர்கள். இது நமது சமூகத்துக்கே உரிய தலையிடி. முஹம்மத், முஹம்மது, முகம்மது, மொஹமட். ஒரே ஆள், நான்கு எழுத்து. அதே ஆளின் பெயர் அடையாள அட்டையில் சிங்களத்தில் ஒருவிதம், செக்கில் ஆங்கிலத்தில் இன்னொரு விதம், நமது கொப்பியில் "மூர் வீதி தாடி நானா". இவையெல்லாம் ஒரே ஆள்தானா என்று கண்டுபிடிக்கும் முறை ஒன்றைச் செய்வது சாதாரண வேலையல்ல. மூன்று மொழிகளில் பெயர்களை ஒப்பிடுவது ஆராய்ச்சிப் புரொஜெக்டுக்கே போதுமான சரக்கு.

மூன்று, பில். சுருள் தாளில் அடிக்கும் சிறிய பில் பிரின்டர்களில் பெரும்பாலானவற்றுக்குள் தமிழ், சிங்கள எழுத்துக்கள் இல்லை. எழுத்தைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் நமது பில்கள் ஆங்கிலத்தில் வருகின்றன, வாங்கியவருக்கு அது விளங்குவதில்லை, பிறகு விலைத் தகராறு. மூன்று மொழியிலும் வேகமாகப் பில் அடிக்கும் ஒரு சிறு மென்பொருள் நல்ல புரொஜெக்ட்.

நான்கு, பருவ வியாபாரம். எல்லா மென்பொருளும் இந்த ஏப்ரலைப் போன ஏப்ரலோடு ஒப்பிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு அது சரி. நமது பெருநாள்களுக்குச் சரிவராது. ஹிஜ்ரி வருடம் 354 அல்லது 355 நாள், ஆகவே ரமழான் வருடத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2015இல் நோன்பு ஜூன் நடுப்பகுதியில் தொடங்கியது, 2025இல் மார்ச் தொடக்கத்தில். 2023, 2024 ஆகிய இரு வருடங்களிலும் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே ஏப்ரலில் வந்தன. அந்த ஏப்ரல் விற்பனையை வைத்து அடுத்த வருடங்களுக்குச் சரக்கு ஓடர் போட்டால் என்ன நடக்கும் என்று புடவை வியாபாரிகளைக் கேளுங்கள். ஒரு பெருநாள் நிலையாக நிற்க, மற்றது நகர்ந்துகொண்டே போகும் சந்தையில் விற்பனையை முன்கூட்டி மதிப்பிடுவது எப்படி? மிக நல்ல ஆராய்ச்சிக் கேள்வி இது, நமது கடையின் பத்து வருடப் பில் கட்டுகளில் அதற்கான தரவும் இருக்கிறது.

ஐந்து, ஸக்காத். இருக்கும் சரக்கின் பெறுமதி, வரவேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன், கையிருப்பு இவற்றை ஹிஜ்ரித் திகதிப்படி ஒரு நாளில் நிறுத்திக் கணக்கிட வேண்டும். கடைசி நேரத்தில் குத்துமதிப்பாகப் போடுபவர்கள் நம்மில் எத்தனை பேர்? வராது என்று தெரிந்த கடனை எப்படிக் கணக்கிடுவது போன்ற விடயங்களை உலமாக்களிடம் கேட்டு, அதன்படி கணக்கிடும் முறையை ஒரு மாணவர் செய்யலாம். தீர்ப்பு உலமாக்களுடையது, கூட்டல் கழித்தல் கம்பியூட்டருடையது.

கடன் கொப்பியின் விலை

எல்லாவற்றிலும் முக்கியமானதைத் தனியாகச் சொல்கிறேன். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனம். அது தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்வதைப் பற்றியது. இந்த உம்மத்தின் வியாபாரிகள்தான் உலகத்துக்கே கணக்கு எழுதக் காட்டிக் கொடுக்க வேண்டியவர்கள். ஆனால் நமது கொப்பிகளின் நிலை என்ன? கொப்பியில் எழுதியிருக்கிறோம், ஆனால் யாருடைய தவணை இன்று முடிகிறது என்று அந்தக் கொப்பி நமக்குச் சொல்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மொத்த வியாபாரி நாளொன்றுக்கு 2 இலட்சம் ரூபாவுக்குக் கடனில் சரக்குக் கொடுக்கிறார், தவணை 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தவணைக்குத் தந்தால் எந்த நேரமும் வெளியில் நிற்பது 60 இலட்சம். யாரும் ஏமாற்றவில்லை, ஒரு சதமும் நட்டமில்லை, ஆனால் ஞாபகப்படுத்தாத காரணத்தால் வசூல் 45 நாளுக்கு இழுபடுகிறது. இப்போது வெளியில் நிற்பது 90 இலட்சம். இலாபமும் இல்லாமல், நட்டமும் இல்லாமல், 30 இலட்சம் ரூபா முதல் சும்மா தெருவில் நிற்கிறது. அந்த 30 இலட்சத்தை நிரப்ப நம்மில் சிலர் எங்கே போகிறோம்? வங்கியில் மேலதிகப் பற்றுக்கு. வட்டியிலிருந்து தப்ப வேண்டும் என்று துஆக் கேட்கிறோம், ஆனால் நம்மை வட்டியின் வாசலுக்குக் கொண்டு போவது நமது ஒழுங்கில்லாத கொப்பிதான்.

இதோடு செக் பிரச்சினையும் உண்டு. இரண்டு மாதம் தள்ளித் திகதி போட்ட செக் ஒன்று நம்மிடம் வருகிறது. அதை நாம் சரக்குத் தந்தவருக்குக் கைமாற்றுகிறோம். அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அது ரிட்டர்ன் ஆகும் நாளில் மூன்று கடைகள் ஆடிப் போகின்றன. எந்தச் செக் எவரிடமிருந்து வந்து எவரிடம் போனது, எந்தக் கிழமையில் எவ்வளவு ஆபத்து குவிந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் காட்டும் ஒரு சிறிய மென்பொருள், கடை முழுவதற்கும் செய்யும் பெரிய சிஸ்டத்தை விட நூறு மடங்கு பிரயோசனமானது. ஒரு மாணவருக்கு ஒரு வருடத்தில் செய்து முடிக்கக்கூடியதும் அதுதான்.

மாணவர் வந்தால் நாம் செய்ய வேண்டியது

முதலாவது, ஒரே ஒரு பிரச்சினையைக் கொடுங்கள். உங்களைத் தூங்கவிடாத ஒன்று எது என்று யோசித்து அதைச் சொல்லுங்கள். முழுக் கடையையும் கேட்காதீர்கள்.

இரண்டாவது, அவருக்கு நேரம் கொடுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், சனம் குறைந்த நேரத்தில். பழைய கணக்கப்பிள்ளையோடு அவரை உட்கார வையுங்கள். கடை எப்படி நடக்கிறது என்பது முதலாளியை விடக் கணக்கப்பிள்ளைக்குத்தான் நுணுக்கமாகத் தெரியும். கணக்கப்பிள்ளை தனது தொழில் போய்விடும் என்று பயந்தால், அவரிடம் மனம் விட்டுக் கதையுங்கள். அவர் ஒத்துழைக்காத எந்த சிஸ்டமும் ஒரு மாதம் தாங்காது.

மூன்றாவது, தரவு அமானிதம். வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் தொகை இவற்றை அப்படியே தூக்கிக் கொடுக்காதீர்கள். பெயரை மறைத்து, இலக்கம் போட்டு, பழைய கொப்பியின் பிரதியைக் கொடுங்கள். நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு மனிதரின் கடன் அவரது மானம். அது பரீட்சை அறிக்கையின் பின்னிணைப்பில் வரக் கூடாது.

நான்காவது, ஒரு பக்கத்தில் எழுதிக் கொள்ளுங்கள். என்ன செய்யப்படும், எது செய்யப்படாது, எப்போது முடியும், முடிந்த பிறகு மூல நிரலின் பிரதி யாரிடம் இருக்கும், மாணவர் அதை வேறு கடைக்குக் கொடுக்கலாமா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கணினி நிரல்களும் பாதுகாக்கப்பட்டவை. "இலவசமாகத் தந்தான், எனக்கே சொந்தம்" என்று நாம் நினைக்க, "நான் எழுதியது, எனக்கே சொந்தம்" என்று அவர் நினைக்க, இரண்டு வருடம் கழித்து மனத்தாங்கல் வரும். இப்படியான விடயங்களில் பிள்ளையின் பக்கம் சற்றுத் தாராளமாக இருங்கள் என்பதே எனது ஆலோசனை. நமக்குப் பாவிக்கும் உரிமையும் ஒரு பிரதியும் போதும். அதை வைத்து அவர் ஒரு தொழில் தொடங்கினால் நமக்கு என்ன நட்டம்?

ஐந்தாவது, கொப்பியை உடனே மூடாதீர்கள். புதிய மென்பொருளும் பழைய கொப்பியும் மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டும் ஒரே தொகையைக் காட்டும்போது மாறுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் இயங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலம் நமக்கு மறக்கவில்லை. அப்போது கைகொடுத்தது கொப்பிதான்.

ஆறாவது, பிள்ளையின் பஸ் காசையும் பகல் சாப்பாட்டையும் பொறுப்பெடுங்கள். இது கூலி அல்ல, மரியாதை. முடிந்ததும் கடையின் கடிதத் தலைப்பில் "இன்ன வேலையைச் செய்து தந்தார், நாங்கள் பாவிக்கிறோம்" என்று ஒரு கடிதம் கொடுங்கள். பாவிக்காவிட்டால் பாவிக்கிறோம் என்று எழுதாதீர்கள். பொய்ச் சாட்சி பிள்ளைக்கும் உதவாது.

எதிர்பார்க்கக் கூடாதது

மாணவர் பட்டம் முடித்துப் போய்விடுவார். வேலை கிடைக்கும், சிலர் வெளிநாடு போவார்கள். ஆகவே அவர் நமது கடைக்கு வாழ்நாள் முழுவதும் திருத்தம் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இதற்காகத்தான் சிறிய பிரச்சினையைக் கொடுங்கள் என்கிறேன். சிறியதை வேறொருவர் விளங்கிக்கொண்டு திருத்தலாம். இன்னொன்று, வரிக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் மாணவ முயற்சியில் தங்க வைக்காதீர்கள். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது போல விகிதங்கள் மாறும்போது உடனே மாற்ற ஆள் வேண்டும். அதற்குக் காசு கொடுத்துத் தொழில்முறை மென்பொருளை வாங்குவதே சரி.

"ஆராய்ச்சி செய்ய வேண்டிய பிள்ளையைக் கடைக் கணக்குக்கு இழுக்கிறீர்களே, பட்டத்தின் தரம் குறையாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆராய்ச்சிப் பட்டம் படிக்கும் பிள்ளை வெறும் பில் மென்பொருளைக் கொண்டு போனால் மேற்பார்வையாளர் ஏற்க மாட்டார். ஆனால் மேலே சொன்ன பெயர் ஒப்பீடும், நகரும் பெருநாள் மதிப்பீடும், கையெழுத்துக் கொப்பியைக் கம்பியூட்டர் வாசிப்பதும் கடையிலிருந்து பிறந்த ஆராய்ச்சிகள்தான். எது ஆராய்ச்சி, எது அல்ல என்பதை மேற்பார்வையாளர் தீர்மானிக்கட்டும். நாம் பிரச்சினையை மட்டும் உண்மையாகச் சொல்வோம்.

நமது நாட்டிலேயே தேவையிலிருந்து பிறந்த மென்பொருளுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிய, இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகச் சேர்ந்து "சஹானா" என்ற மென்பொருளைச் செய்தார்கள். யாரும் பாவிக்கக்கூடியதாக அதை இலவசமாக விட்டார்கள். 2005இல் பாகிஸ்தானில் பூமியதிர்ச்சி வந்தபோது அது அங்கும் பாவிக்கப்பட்டது. உலகத்துக்குப் பெரிதாக ஏதாவது செய்வோம் என்று அவர்கள் உட்காரவில்லை. கண் முன்னால் இருந்த பிரச்சினையைத் தீர்க்க உட்கார்ந்தார்கள், அது உலகத்துக்குப் போனது.

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை கம்பியூட்டர் படிக்கிறது, நாம் கடை வைத்திருக்கிறோம், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கி நிற்காதீர்கள். புரொஜெக்ட் தெரிவு செய்யும் காலத்துக்கு ஆறு மாதம் முன்பே விடுமுறையில் பிள்ளையைக் கடையில் இருத்துங்கள். கல்லாவில் அல்ல, கொப்பிக்குப் பக்கத்தில். பெண் பிள்ளைகளும் நிறையப் பேர் இந்தப் படிப்பைப் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கடைக்கு வர வசதியில்லை என்றால் கொப்பியின் பிரதியை வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்து, இராச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். "ஏன் வாப்பா இப்படி எழுதுறீங்க?" என்று கேட்டால் எரிந்து விழாதீர்கள். முப்பது வருடமாக ஏன் இப்படி எழுதுகிறோம் என்று நம்மை யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விதான் புரொஜெக்டின் முதல் பக்கம்.

வர்த்தக சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊரிலும் சங்கம் இருக்கிறது, வருடாந்தக் கூட்டமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு அரை மணித்தியாலத்தை ஒதுக்கி, அங்கத்தவர்களின் தீராத பிரச்சினைகளில் பத்தை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்தின் கணினித் துறைத் தலைவருக்கு அனுப்புங்கள். செலவு ஒரு முத்திரைதான். தாளில் இருக்கும் பத்தில் இரண்டை மாணவர்கள் எடுத்தாலும், அந்த ஊர்க் கடைகளுக்கு வருடத்துக்கு இரண்டு தீர்வுகள் கிடைக்கும், இரண்டு பிள்ளைகளுக்கு உண்மையான புரொஜெக்ட் கிடைக்கும்.

அடுத்த முறை ஒரு மாணவர் பைலோடு உங்கள் கடைக்கு வந்தால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார வைத்து, ஒரு தேநீர் கொடுத்து, "தம்பி, எனக்கு ஒரு பிரச்சினை இருக்குது" என்று ஆரம்பியுங்கள். அல்லாஹ் நமது வியாபாரத்திலும் நமது பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக.